ஒன்பதாவது கேஸ்

வெள்ளத்தாய்: ...அப்போ நான் என்ன சொன்னாலும் அது வெளிய போகாதுங்கீக?

அன்னாள்: போகாது. அதுக்குச் சட்டமே இருக்கு. நீ சொல்ற, நான் எழுதுறேன், அதோட முடிஞ்சுது. தாசில்தார் வந்து கேட்டாக்கூட நான் சொல்லக் கூடாது.

வெள்ளத்தாய்: எங்க அத்த வந்து கேட்டா?

அன்னாள்: உங்க அத்தை என்ன, தாசில்தாரை விடப் பெரிய ஆளா?

வெள்ளத்தாய்: இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க டீச்சர்.

அன்னாள்: சிரிக்காம பதில் சொல்லு. இந்த ஜனத்தொகைக் கணக்குக்கு மம்சாபுரத்துல எனக்கு ஒதுக்கினது நூத்தி இருபது வீடு. உன் வீடுதான் பாக்கி. உன் வீட்டுக்காரர் சோலைச்சாமி, வயசு முப்பத்தி நாலு. ராஜபாளையம் மில்லுல என்ன வேலைன்னு எழுத?

வெள்ளத்தாய்: ஸ்பின்னிங்ல மெஷின் சைடு பாக்காக. நூலு அந்துக்கிட்டே இருக்கும், ஓடி ஓடி ஒட்டி விடணும். ஒறங்கும்போதும் பாக்கேன், வெரலு ரெண்டும் தானா எதையோ ஒட்டிக்கிட்டே இருக்கும்.

அன்னாள்: அதுக்கெல்லாம் கட்டம் இல்ல. சரி, நீ? உன் வேலை என்ன?

வெள்ளத்தாய்: நானா... சும்மாதான் இருக்கேன்.

அன்னாள்: மடியில என்ன?

வெள்ளத்தாய்: இதா? பேண்டேஜ் துணி. சத்திரப்பட்டித் தறியில இருந்து வருது. ரோலாச் சுத்தி, நூலு கட்டி, பன்னெண்டு பன்னெண்டாப் பொட்டலம் போட்டுக் குடுக்கணும்.

அன்னாள்: ஒரு நாளைக்கு எம்புட்டுச் சுத்துவ?

வெள்ளத்தாய்: முன்னூறு. மக முத்துப்பேச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து உக்காந்தா இன்னும் அம்பது.

அன்னாள்: முன்னூறு சுத்துறவ சும்மா இருக்காளாம்! இதுக்குத்தான் டிரெயினிங்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பொம்பளைங்க சும்மா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க, விடாம தோண்டிக் கேளுங்கன்னு. வேலைன்னு எழுதுறேன்.

வெள்ளத்தாய்: எழுதிக்கோங்க. இனிமேதான் ஆகப்போற யாரு காயத்துக்கோ இப்பமே உக்காந்து சுத்துதேன்... அதையும் வேலைன்னா வேலைதான்.

அன்னாள்: தண்ணி குடேன் கொஞ்சம். மாசி பிறக்கும்போதே வெயில் என்னமா அடிக்குது.

வெள்ளத்தாய்: இருங்க, பானையில மொண்டு தாரேன். வாளியில உள்ளது ஆட்டுக்கு வெச்சது...

அன்னாள்: அது... அந்தப் பச்சை வாளியா? இன்னுமா இருக்கு?

வெள்ளத்தாய்: கைப்பிடி அந்துபோச்சு, கம்பி போட்டுக்கிட்டோம். மத்தபடி கெட்டிதான்.

அன்னாள்: அஞ்சு வருஷம் ஆகப்போகுது.

வெள்ளத்தாய்: அத்த இதைத் தொட மாட்டாக. 'எம் பேரன வித்து வாங்குன வாளி'ம்பாக. ஆடு குடிக்க மட்டும் ஆகும். ஏன் டீச்சர் தலையக் குனியுதீக? குடும்பக் கட்டுப்பாட்டுக் காம்ப்புக்கு வந்த அத்தன பேருக்குந்தான் வாளி குடுத்தாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பொம்பளைங்க அத்தன பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில வாளியத் தூக்கிக்கிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல வரிசையா நின்னோமே... கண்டக்டரு, 'எங்க எல்லாரும் தண்ணிக்குப் போறீக'ன்னு கேட்டானே, மறந்து போச்சா?

அன்னாள்: மறக்குமா? எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல.

வெள்ளத்தாய்: எனக்கு வந்துச்சு. தையல் இழுத்துச்சு, அதான் சிரிக்கல. இந்தாங்க, குடிங்க.

அன்னாள்: ம்... அடுத்த கேள்வி. இது... எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான். தப்பா எடுத்துக்காத.

வெள்ளத்தாய்: கேளுங்க.

அன்னாள்: உயிரோட இருக்குற பிள்ளைங்க எத்தனை?

வெள்ளத்தாய்: ஒண்ணு. உங்ககிட்ட மூணாப்பு படிக்காள்ல.

அன்னாள்: உயிரோட பிறந்தது எத்தனை? எனக்குத் தெரியும்தான். முத்துப்பேச்சி, அவளுக்கடுத்து சின்னக்கருப்பன். நானே ரெண்டுன்னு போட்டுக்கிறேன். நீ சொல்ல வேண்டாம்.

வெள்ளத்தாய்: மூணு.

அன்னாள்: மூணா?

வெள்ளத்தாய்: மூணு டீச்சர். முத்துப்பேச்சிக்கு மூத்தது ஒண்ணு.

அன்னாள்: நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

வெள்ளத்தாய்: யாரு கேட்டா? இந்தக் கட்டம் ஒண்ணுதான் கேட்டிருக்கு.

அன்னாள்: வெள்ளத்தாயி... உயிரோட பிறந்திருந்தாத்தான் இதுல சேர்க்கணும். ஒரே ஒரு தடவை அழுதிருந்தாலும் சேர்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அழுதுச்சா?

வெள்ளத்தாய்: ஒரு தடவ. ரெண்டு நாளா வலி. எனக்கு நெனவு போயிப் போயி வருது. கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி, ஒரு தடவ. பொறவு சத்தமே இல்ல.

அன்னாள்: அப்போ மூணு. எழுதிட்டேன்... ஆணா, பெண்ணா?

வெள்ளத்தாய்: தெரியாது.

அன்னாள்: தெரியாதா?

வெள்ளத்தாய்: எனக்குக் காட்டல. கேக்கவும் பயமா இருந்துச்சு. பொண்ணுன்னு எழுதுங்க. ஆம்பளப் பிள்ளையா இருந்தா, போன பொறவாவது அத்த சொல்லி அழுதிருப்பாவல்ல.

அன்னாள்: பொண்ணு... சரி.

வெள்ளத்தாய்: ஆமா, உங்களை யாரு எண்ணுனா டீச்சர்?

அன்னாள்: எங்க தெருவுக்கு வில்சன் சார். பிறந்தது ஒண்ணு, இருக்குறது ஒண்ணு. ஓசூர்ல ஃபேக்டரியில இருக்கான்.

வெள்ளத்தாய்: ஊருக்கெல்லாம் ரெண்டு போதும்னு சொல்லிட்டு, நீங்க ஒண்ணோட நிப்பாட்டிக்கிட்டீக.

அன்னாள்: கவர்மெண்டு கேட்டதுக்கும் மேல செஞ்சவ நான். அதுக்கு இப்ப பரிசு குடுத்திருக்காங்க.

வெள்ளத்தாய்: என்ன பரிசு?

அன்னாள்: ஊரை விட்டே மாத்தியாச்சு. வர்ற ஜூன்ல வத்திராயிருப்புப் பக்கம் போயிரணும்.

வெள்ளத்தாய்: ஏன்? என்ன தப்பு செஞ்சீக?

அன்னாள்: ஒண்ணாம் வகுப்புல பிள்ளைங்க இல்ல. நான் இங்க வந்தப்ப அம்பத்தெட்டு பேர், உக்கார இடம் இல்லாம தரையில இருந்துச்சுங்க. இந்த வருஷம் இருபத்தாறு. கொஞ்சம் பேர் வேன்ல ஏறி ராஜபாளையம் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறாங்க. மத்தது... பிறக்கவே இல்ல. அப்புறம் எதுக்கு இத்தனை டீச்சர்னு கேட்டுட்டாங்க.

வெள்ளத்தாய்: அட...

அன்னாள்: எண்பத்தாறுல ஆளுக்கு ஒன்பது கேஸ் பிடிங்கன்னு சொன்னாங்க. நானும் வீடு வீடா ஏறி இறங்கி ஒன்பதைப் பிடிச்சேன். வாத்தியார், தலையாரி, நர்ஸ், எல்லாரும் பிடிச்சாங்க. இப்ப கணக்குப் பண்ணிப் பாரு. அப்படி வருஷா வருஷம் பிடிச்ச கேஸ் எல்லாம் இன்னைக்கு ஒண்ணாம் வகுப்புல காலி பெஞ்சா உக்காந்திருக்கு.

வெள்ளத்தாய்: இருபத்தாறு பிள்ளைன்னா நல்லதுதான டீச்சர்? ஒவ்வொண்ணு மூஞ்சியும் பாத்துச் சொல்லிக் குடுக்கலாம். எங்க முத்துப்பேச்சி முட்டாம வாசிக்கா. எங்க வீட்டுல நாங்க ஆறு பேரு. எங்க அய்யாவுக்கு எங்க பேரே மாறி மாறித்தான் வரும்.

அன்னாள்: நீ எதைச் சொன்னாலும் எனக்கு ஆறுதல் மாதிரியே சொல்ற. அதுதான் எனக்குப் பொறுக்கல... இங்க பாரு, உன் வீட்டைக் கடைசியா வெச்சுக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. போறதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு செஞ்சுட்டுப் போகணும்னு...

வெள்ளத்தாய்: பைக்குள்ள என்ன தேடுதீக?

அன்னாள்: இந்தா. மதுரை ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கு.

வெள்ளத்தாய்: எனக்கா? மதுரையில எனக்கு யாரு இருக்கா?

அன்னாள்: கார்த்திகையில உன் பேர்ல நான்தான் மனு எழுதிப் போட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் பிள்ளை தவறிப்போனவங்களுக்கு, அறுத்ததை மறுபடியும் ஒட்டி விடுறாங்க. இலவசம். மார்ச் பன்னெண்டாம் தேதி வந்து சேர்ந்துக்கச் சொல்லிட்டாங்க. நானே லீவு போட்டுட்டு உன்கூட வர்றேன்.

வெள்ளத்தாய்: நீங்களா எழுதுனீக?

அன்னாள்: நானா செஞ்சதை நானாத்தான சரி பண்ணணும்? எனக்குத் தூக்கமே இல்ல வெள்ளத்தாயி. சின்னக்கருப்பனுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு ஓடி வந்தேன், வாசல்ல கூட்டம். மூணு வயசுப் பிள்ளை. உங்க அத்தை என்னைப் பாத்துக் கேட்டாங்களே ஒரு கேள்வி... 'எண்ணிக்கை சரியா வந்துச்சா டீச்சரம்மா?'

வெள்ளத்தாய்: அவுக அந்த ஆத்தாமையில கேட்டது.

அன்னாள்: நியாயமாத்தான் கேட்டாங்க. அன்னைக்கு மூணு நாள் உன் வாசல்ல வந்து நின்னேன். மொத நாள், வேண்டாம் டீச்சர்னு சொன்ன. ரெண்டாம் நாளும் அப்படித்தான். நான் விட்டேனா? மூணாம் நாள் நீ வேண்டாம்னு சொல்லல. 'எங்க அத்தகிட்ட நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்'னு அது ஒண்ணுதான் சொன்ன. சொன்ன கையோட உள்ள போய்ப் பையை எடுத்துட்டு வந்துட்ட. ஒரு நிமிஷம்கூட ஆகல. கயித்தைப் பிடிச்சா பின்னாலயே வருமே வாயில்லாச் சீவன், அப்படி வந்த. அது என் கண்ணுலயே நிக்குது.

வெள்ளத்தாய்: டீச்சர்...

அன்னாள்: கையெழுத்துப் போடு. உனக்கு இன்னும் முப்பதுகூட ஆகல. பயப்படாத.

வெள்ளத்தாய்: பயம் இல்ல டீச்சர். எனக்கு வேண்டாம்.

அன்னாள்: என்ன?

வெள்ளத்தாய்: ஒட்ட வேண்டாம். இப்படியே இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க.

அன்னாள்: சோலைச்சாமி ஏதாவது சொல்லுவாரா?

வெள்ளத்தாய்: அவுக எதுவும் சொல்ல மாட்டாக. முத்துப்பேச்சிய மடியில தூக்கி வெச்சுக்கிட்டு, 'நமக்கு இது போதும்ட்டி'ம்பாக. அவுக இல்ல... இந்தக் காகிதம் வந்தது எங்க அத்தைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைய இழுத்துக்கிட்டு மதுரைக்கு நடந்தே போயிருவாக.

அன்னாள்: ஐயோ.

வெள்ளத்தாய்: என்ன ஐயோ?

அன்னாள்: உங்க அத்தைகிட்ட நான் சொல்லிட்டேன்.

வெள்ளத்தாய்: டீச்சர்!

அன்னாள்: தை மாசம் சந்தையில பாத்து, தக்காளிக் கடைக்கு முன்னாடி நிக்க வெச்சுத் திட்டினாங்க. தாங்க முடியாம, மதுரைக்கு எழுதியிருக்கேம்மா, சரியாயிரும்மான்னு... வாயில வந்துருச்சு. ஆஸ்பத்திரியில முடியும்னு சொன்னாத்தான் உண்டுன்னும் சொன்னேன்.

வெள்ளத்தாய்: அதான்! அதுல இருந்துதான் எனக்கு முட்டை அவிச்சுக் குடுக்காக. நானும் எதுக்குடா இந்த அன்புன்னு...

அன்னாள்: எனக்கு ஒண்ணும் ஓடல. உனக்கு ஏன் வேண்டாம்? அதையாவது சொல்லு.

வெள்ளத்தாய்: பொறவு சொல்லுதேன். அவுக சத்தம் கேக்கு.

இசக்கியம்மாள்: ஏட்டி வெள்ளத்தாயி! ஆடு தெருவுல நிக்கு, வாசல்ல டவுன் செருப்பு கெடக்கு... யாருட்டி உள்ள?

வெள்ளத்தாய்: டீச்சர் வந்திருக்காக அத்த. ஜனத்தொகைக் கணக்கெடுக்க.

இசக்கியம்மாள்: இன்னும் என்ன கணக்கு? கொறச்சாச்சு. கொறஞ்சது போதுமான்னு எண்ணிப் பாக்க வந்தாகளாக்கும்.

அன்னாள்: வாங்கம்மா. உக்காருங்க.

இசக்கியம்மாள்: எம் வீட்டுல என்னைய உக்காரச் சொல்லுதாவ. ஏன் டீச்சரம்மா, போன மாசம் ஆட்சியக் கலைச்சுட்டாகன்னு ரேடியோவுல சொன்னானே. ஆட்சி கலைஞ்சா, அது போட்ட உத்தரவும் கலையணுமில்ல?

அன்னாள்: இந்தக் கணக்கு டெல்லி எடுக்குறதும்மா. எந்த ஆட்சி வந்தாலும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க.

இசக்கியம்மாள்: டெல்லியோ மெட்ராசோ, எவன் வந்தாலும் அவன் உத்தரவு கடைசியில பொம்பள வயித்துலதான வந்து நிக்கு? இன்னைக்குப் பெக்காதம்பான். நாளைக்கு மில்லுக்கு ஆளு பத்தலன்னா, பெறுங்கம்பான். அவன் சொல்லச் சொல்லத் தெறக்கவும் அடைக்கவும் இது என்ன கம்மாய் மடையா?

வெள்ளத்தாய்: அத்த, செத்த நேரம் சும்மா இருங்க. எழுத வந்தவுகளைப் போட்டு...

இசக்கியம்மாள்: எழுதட்டும், நல்லா எழுதட்டும். எம் மருமக மூணு பெத்தான்னு எழுது. ரெண்டுன்னு எழுதிராத.

அன்னாள்: ...மூணுங்களா அம்மா?

இசக்கியம்மாள்: மூணுதான். மூத்தது பொட்டப்பிள்ள. இவளுக்கு நெனவில்ல. எங்கையிலதான் விழுந்துச்சு, எங்கையிலதான் போச்சு. நாந்தான் என் சேலையக் கிழிச்சுச் சுத்திக் கொண்டுபோனேன். தலை நெறைய முடி.

வெள்ளத்தாய்: அத்த... முடி இருந்துச்சா?

இசக்கியம்மாள்: கருகருன்னு. நெத்தியில வந்து விழுந்துச்சு. உன்னைய மாதிரி.

வெள்ளத்தாய்: நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

இசக்கியம்மாள்: சொன்னா உனக்குப் பால் வத்துமாட்டி? மாருல பாலக் கட்டிக்கிட்டுக் கெடந்தவகிட்ட என்னத்தச் சொல்ல... சரி விடு. டீச்சரம்மா, மதுரைக் காகிதம் என்னாச்சு? வந்துச்சா, இல்லையா?

அன்னாள்: அது வந்து... அம்மா...

வெள்ளத்தாய்: வந்திருச்சு அத்த. இந்தா, டீச்சர் கையிலயே இருக்கு.

அன்னாள்: வெள்ளத்தாயி!

வெள்ளத்தாய்: இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்களே அத்தகிட்ட வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர். அன்னைக்குச் சொன்னீகல்ல... அந்த மாதிரி. நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்.

இசக்கியம்மாள்: என்ன முழிக்கீக டீச்சரம்மா? எழுத்து பொடியா இருக்கோ?

அன்னாள்: இருங்க. கண்ணாடியைப் போட்டுக்கிறேன். ம்... வெள்ளத்தாய், கணவர் பெயர் சோலைச்சாமி, மம்சாபுரம்... மனு கிடைத்தது. பரிசீலித்துப் பார்த்ததில்... ஆபரேஷன் ஆகி... அஞ்சு வருஷம் ஆயிட்டதால...

இசக்கியம்மாள்: ஆயிட்டதால?

அன்னாள்: ஒட்ட முடியாதாம்.

இசக்கியம்மாள்: யாரு சொன்னா?

அன்னாள்: பெரிய டாக்டர். கையெழுத்துப் போட்டிருக்கார்.

இசக்கியம்மாள்: எங்க காட்டு. முடியாதுன்னு எந்த எடத்துல எழுதியிருக்கு?

அன்னாள்: இங்க. இந்த வரியில.

இசக்கியம்மாள்: இம்புட்டு நீளமாவா? முடியாதுங்கதுக்கு எதுக்கு இம்புட்டு எழுத்து?

அன்னாள்: கவர்மெண்டு அப்படித்தான் எழுதும்மா.

இசக்கியம்மாள்: நல்லாருப்பியா நீ? பாவி மட்டை. அறுக்க மட்டும் தெரிஞ்சுதே, கூட்டிக்கிட்டுப் போயி வாளி வாங்கிக் குடுக்கத் தெரிஞ்சுதே...

வெள்ளத்தாய்: அத்த, போதும்.

இசக்கியம்மாள்: நீ சும்மா இருட்டி. உனக்கு வாயிருந்தா அன்னைக்கு இவகூடப் போயிருப்பியா? சின்னக்கருப்பன்னு உங்க மாமனாரு பேரை வெச்சோம். வாசல்ல நின்னு வாய் நெறையக் கூப்பிடுவேன். ஊரு கேக்கக் கூப்பிட்ட பேரு... இப்பம் அந்தப் பேரைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சே.

அன்னாள்: என்னை மன்னிச்சிருங்கம்மா.

இசக்கியம்மாள்: கூமாப்பட்டியில எங்க அண்ணன் பேத்தி ஒருத்தி நிக்கா. சோலைச்சாமிகிட்ட தீவாளிக்கே கேட்டேன். ஏலே, இன்னொருத்தியக் கட்டுதியான்னு.

வெள்ளத்தாய்: ...அவுக என்ன சொன்னாவ?

இசக்கியம்மாள்: சொல்லுதான்! சோத்துத் தட்டை அப்படியே வெச்சுட்டு ஷிப்டுக்குப் போயிட்டான். ரெண்டு நாளா எம் முகத்தைப் பாக்கல. பொறவு நான் எங்க கேக்க?

அன்னாள்: நான் வர்ற ஜூன் மாசத்தோட ஊரை விட்டுப் போயிருவேன்மா. மாத்திட்டாங்க. இனிமே உங்க கண்ணுல பட மாட்டேன்.

இசக்கியம்மாள்: எங்க போறீக?

அன்னாள்: வத்திராயிருப்புப் பக்கம்.

இசக்கியம்மாள்: ம்... போயிருவீகளாக்கும்.

அன்னாள்: ஆமா.

இசக்கியம்மாள்: பொறவு நான் யாரைப் போயித் திட்ட? இந்த ஊருல நின்னு கேட்டுக்கிட்டது நீங்க ஒரு ஆளுதான். மத்தவளுக எல்லாம் எதுத்துல்ல பேசுதாளுக... சரி, ஆடு அடுத்த வீட்டு முருங்கையில ஏறிரும். நான் போறேன். ஏட்டி, வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் குடு. வெறும் தண்ணியக் குடுத்து உக்கார வெச்சிருக்கா.

வெள்ளத்தாய்: ...போயிட்டாக.

அன்னாள்: பத்தொன்பது வருஷம் பிள்ளைங்களுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். காகிதத்துல இல்லாததை வாசிச்சது இன்னைக்குத்தான்.

வெள்ளத்தாய்: நல்லா வாசிச்சீக. 'பரிசீலித்துப் பார்த்ததில்'னு சொன்னீக பாருங்க, நானே நம்பிட்டேன்.

அன்னாள்: விளையாடாத. கர்த்தர் பாத்துக்கிட்டு இருக்கார். இப்ப நீ சொல்லணும். எதுக்காக என்னைப் பொய் சொல்ல வெச்ச?

வெள்ளத்தாய்: எங்க அம்மா ஆறாவது பிரசவத்துல போனாக. எனக்கு அப்பம் பன்னெண்டு வயசு, நாந்தான் வெளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முத்துப்பேச்சி பெறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. சின்னக்கருப்பனுக்கு அதை விட. ஆசுபத்திரியில ஒரு நர்சம்மா எங்காதுல குனிஞ்சு சொன்னாவ, 'அடுத்தது வந்தா நீ வீட்டுக்குத் திரும்ப மாட்ட'ன்னு. காதுக்குள்ள சொன்னதை நான் வீட்டுல எப்படிச் சத்தமாச் சொல்ல? சொன்னா அத்த, 'எல்லாத்துக்கும் அப்படித்தாம்ட்டி இருக்கும்'ம்பாக.

அன்னாள்: இத்தனை நாளா ஏன் என்கிட்டக்கூடச் சொல்லல?

வெள்ளத்தாய்: இருங்க, காப்பிக்கு அடுப்பப் பத்த வெக்கேன்.

அன்னாள்: சரி, நானும் ஒண்ணு சொல்லிடுறேன். ஊரை விட்டுப் போகும்போது நெஞ்சுல வெச்சுக்கிட்டுப் போக முடியாது. அன்னைக்கு உன் உடம்புக்கு நல்லது, பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு பேசினேன்ல? அதுக்காக நான் வரல. எட்டு கேஸ் ஆயிருந்துச்சு. ஒண்ணு குறைஞ்சா சம்பளத்தை நிறுத்திருவேன்னு சொல்லிட்டாங்க. மார்ச் முடிய நாலே நாள் பாக்கி. உன் முகம் எனக்குத் தெரியல வெள்ளத்தாயி. ஒன்பதுங்குற நம்பர்தான் தெரிஞ்சுது.

வெள்ளத்தாய்: எனக்குத் தெரியும்.

அன்னாள்: என்ன தெரியும்?

வெள்ளத்தாய்: பள்ளிக்கூடத்துக் குழாய்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெரிய சாரு உங்களை வையுதாரு, நீங்க சன்னலுக்கு அங்கிட்டு நின்னு முந்தானையால மூஞ்சியத் தொடைக்கீக. அம்புட்டும் கேட்டுச்சு. பானை நெறஞ்சு வழிஞ்சது தெரியாம நின்னேன்.

அன்னாள்: தெரிஞ்சேவா வந்த? என் சம்பளத்துக்காகவா? ஐயோ பாவம் டீச்சர்னு நெனச்சா வந்த?

வெள்ளத்தாய்: அப்படின்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். இந்தச் சட்டத்துல எம் பேச்சு வெளிய போகாதுன்னீகளே... இதுவும் போகாதுல்ல?

அன்னாள்: போகாது. சொல்லு.

வெள்ளத்தாய்: நானாப் போயிப் பண்ணிக்கிட்டா, எனக்கு இந்த வீடு இல்ல. டீச்சர் கூட்டிக்கிட்டுப் போயிட்டாகன்னா, திட்டு உங்களுக்கு, வீடு எனக்கு. நீங்க எப்படா வருவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு வருசமா எனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் நின்னு வாங்கிக்கிட்டீக. ராத்திரி ஒவ்வொரு நாளும் சொல்லிரணும் சொல்லிரணும்னு நெனப்பேன்... சொல்ல வாய் வராது.

அன்னாள்: ஆனா மொத நாள் வேண்டாம்னு சொன்னியே. ரெண்டாம் நாளும் சொன்னியே. நான்தான உன்னைக் கரைச்சுக் கரைச்சு... நான் கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேனே!

வெள்ளத்தாய்: மொத நாளே சரின்னா அத்த நம்புவாகளா? அந்தப் பையில ஒரு மாத்துச் சேலை, பயலுக்கு ரெண்டு துணி, ஒரு சோப்பு. நீங்க மொத நாள் வந்து வாசல்ல நின்னீகளே டீச்சர்... அன்னைக்கே அது கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு.